தோட்டக் குப்பையை உரமாக்க: குழியா, டிரம்மா, கூண்டா?

சமையலறைக் கழிவை உரமாக்குவது பற்றிச் சென்னையில் இப்போது யாரைக் கேட்டாலும் நாலு வார்த்தை சொல்வார்கள். தோட்டக் குப்பை என்றால் பேச்சு குறைந்துவிடுகிறது. இரண்டும் ஒரே வேலைதானே என்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் மக்குத் தொட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டு, மாசி மாதம் திண்டாடுகிறவர்கள் நிறைய. காய்கறித் தோல் தினமும் ஒரு கிண்ணம் வரும். அதற்குச் சின்னத் தொட்டி போதும். சருகு அப்படி இல்லை. வேம்பு பல மாதம் சாதுவாக நின்றுவிட்டு மாசி, பங்குனியில் மொத்தமாக உதிர்க்கும். அதை ஒட்டிப் புங்கமரம் மொட்டையாகி, உடனே பளபளவென்று துளிர்த்தும் விடும். பாதாம் மரம் என்று நாம் சொல்கிற நாட்டு வாதுமை, உள்ளங்கையைவிடப் பெரிய சிவப்பு இலைகளை ஆண்டுக்கு இரண்டு முறை கொட்டும். விடிந்ததும் பெருக்கிய வாசலைப் பத்து மணிக்குப் பார்த்தால் பெருக்கியதாகவே தெரியாது.

அதனால் எந்த முறை நல்லது என்று யாராவது கேட்டால், நான் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பேன். ஒரே வாரத்தில் ஏழெட்டுச் சாக்குச் சருகு வந்தால் அது கொள்ளுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் அது என்ன ஆகும்? பெருச்சாளி குடிவருமா? எத்தனை நாளில் உரம் தயாராகும் என்பது அதற்கெல்லாம் அப்புறம்தான். இந்த ஊர் வெயிலுக்கு எப்படிப் போட்டாலும் என்றைக்காவது மக்கத்தான் போகிறது.

அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு நிலத்தில் வீடு. சுற்றிலும் மிஞ்சிய மண்ணில் ஒரு வேம்பு, ஒன்றிரண்டு தென்னை, ஒரு மா, காம்பவுண்டு சுவரை ஒட்டிச் செம்பருத்தி. நங்கநல்லூரிலோ மடிப்பாக்கத்திலோ அண்ணா நகரிலோ இப்படிப்பட்ட வீடு வைத்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் உண்டு.

எரிப்பதை ஒரு வழியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இது தெளிவாகச் சொல்லப்பட்டது: தெருவிலோ பொது இடத்திலோ குப்பையை எரிக்கக் கூடாது, தோட்டக் கழிவை வளாகத்துக்குள்ளேயே தனியாக வைத்திருந்து, உள்ளாட்சி சொல்கிறபடி அப்புறப்படுத்த வேண்டும். விதி கிடக்கட்டும். 2018 போகியன்று புகையால் சென்னையில் விமானங்களே தடுமாறியதைப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

மக்குவதன் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா முறைக்கும் இது பொது. குப்பையைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் என்ற அளவில் தீனி இருந்தால் வேலை மளமளவென்று நடக்கும். காய்ந்த சருகில் கார்பன் அதைப்போல இரண்டு மடங்கு வரை இருக்கும். பச்சைப் புல், மாட்டுச் சாணம், ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கை இவையெல்லாம் 20 பங்கை ஒட்டி வரும். சருகை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் சருகாகவே கிடப்பதும், பச்சையை மட்டும் குவித்தால் இரண்டே நாளில் நாறுவதும் இதனால்தான். அளவு பார்க்கத் தராசெல்லாம் வேண்டாம். இரண்டு மூன்று கூடைச் சருகுக்கு ஒரு கூடை பச்சை என்று போட்டுக்கொண்டு போகலாம்.

புளித்த மோர் தெளித்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். மோர் கெடுதல் செய்யாது. ஆனால் ஒரு குவியல் சருகுக்கு வேண்டிய நைட்ரஜன் ஒரு சொம்பு மோரில் கிடையாது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் ஒரு வாளி சாணம் வாங்கிக் கரைத்து ஊற்றலாம். இல்லாவிட்டால் கடலைப் புண்ணாக்கை ஒரு ராத்திரி ஊற வைத்துத் தெளிக்கலாம். முருங்கையை வெட்டிவிட்டால் வரும் தழை, களையெடுத்த புல், அகத்தி எல்லாம் காசில்லாத நைட்ரஜன். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பயோமினரலைசர் என்று ஒரு நுண்ணுயிர்க் கலவை தருகிறது. ஒரு டன் குப்பைக்கு 2 கிலோ என்பது அதன் அளவு. ஒரு வீட்டுக் குவியலுக்கு ஒரு பிடியே அதிகம். சாணம் கிடைக்கிறவர்கள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் சோம்பேறித்தனமானது மூடாக்கு. என் கணக்கில் முதலிடம் அதற்குத்தான். பெருக்கிய சருகை மரத்தடியிலும் செடி வரிசையிலும் மூன்று நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பிவிட வேண்டும். அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் இடம் மட்டும் காலியாக இருக்கட்டும். ஈரச் சருகு பட்டையைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் பட்டை அழுகும். மாசியில் உதிரும் இலை சித்திரை வெயிலுக்கு முன்னால் கைக்கு வருகிறது என்பதைக் கவனியுங்கள். மண்ணுக்கு எப்போது போர்வை வேண்டுமோ அப்போதுதான் மரமே அதைக் கொடுக்கிறது. நாம்தான் பெருக்கி வெளியே தள்ளிவிட்டு, அக்னி நட்சத்திரத்தில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறோம். மூடாக்கு போட்ட பாத்தியில் ஒரு வேளை தண்ணீர் மிச்சமாகும். வேப்பிலையும் புங்க இலையும் ஆடிக்குள் அடியிலிருந்து கரைந்துவிடும். மா இலை அதிக நாள் நிற்கும், அதுவும் நல்லதுதான்.

இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் மரவட்டை கூட்டம் கூட்டமாக வரும். கடிக்காது என்றாலும் படுக்கையறைச் சுவரில் ஏறினால் வீட்டில் சண்டைதான். கறையான் இருக்கும் மண்ணில் மரக்கதவு, நிலைப்படி பக்கம் சருகு பரப்பக் கூடாது. அப்புறம், சுத்தமாகப் பெருக்கிய வெறும் மண்தான் அழகு என்று நினைக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைச் சம்மதிக்க வைப்பது தனி வேலை. வாசல் பக்கத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது குழி. ஊரிலிருந்து வந்த எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எருக்குழி பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மூன்றடி ஆழம் வெட்டு, குப்பையைத் தள்ளு, மண்ணைப் போடு, மற. காசே ஆகாது, கோடையில் ஈரம் காயாது. இவ்வளவு நல்ல விஷயத்தைச் சென்னையில் பாதிப் பேருக்கு வேண்டாம் என்பேன்.

காரணம் மழை. இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி ஏரியையும் சதுப்பையும் ஒட்டிய களிமண் பகுதிகளில், கார்த்திகையில் குழி வெட்டினால் மேலிருந்து மட்டுமில்லை, கீழிருந்தும் தண்ணீர் வரும். தண்ணீர் தேங்கிய குழியில் காற்று இருக்காது. காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலைக்கு வந்துவிடும். அப்படி ஒரு குழியை மார்கழியில் திறந்தால் என்ன இருக்கும் தெரியுமா? மேலே நான்கு விரல்கடை கறுப்புத் தண்ணீர். மண்வெட்டியைச் செருகினால் இலைகள் தனித்தனியாக வராமல், நமத்துப்போன அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டித் தகடு தகடாக வரும். இலை நரம்புகூடக் கலையாமல் அப்படியே இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் போகும். கிணறோ போரோ பக்கத்தில் இருந்தால் அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கே இறங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பழைய ஆட்களும் இதை அறிந்துதான் வைத்திருந்தார்கள். 1920-களில் ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் உருவாக்கிய முறையில் குழியும் உண்டு, தரைக்கு மேல் குவியலும் உண்டு. வறண்ட காலத்துக்குக் குழி, மழை மிகுந்த இடத்துக்குக் குவியல். அவ்வப்போது கிளறிக் காற்றோட்டம் தருவது அதன் அடிப்படை. 1939-இல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா கொண்டுவந்த முறை, குழியில் அடுக்கி மேலே மண் பூசிக் கிளறாமல் விட்டுவிடுவது. நம் வீடுகளில் குழி என்று செய்வது பெரும்பாலும் இந்தப் பெங்களூர் முறைதான். பெங்களூரின் மேட்டு நிலத்துக்குப் பொருந்துவது வேளச்சேரிக் களிமண்ணுக்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் மணல்பாங்கான இடம் என்றால் பேச்சே வேறு. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்கரை மணல். ஊற்றின தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அங்கே மேலே குவித்தால் சீக்கிரம் காய்ந்துபோகிறது, குழிதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மணலுக்கு மக்கு தேவையும் அதிகம், எந்தச் செடி வைத்தாலும் மஞ்சளாகி நிற்பது அதனால்தான். அங்கே இருப்பவர்கள் இரண்டடி ஆழத்துக்கு மேல் போகாமல் குழி வெட்டி, சுற்றிலும் வாழை வைக்கலாம். குழி மக்க மக்க வாழை தின்றுகொள்ளும். உரத்தை அள்ள வேண்டிய வேலையே இல்லை. குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம் இதை வைத்துவிட்டால் தண்ணீர்ச் செலவும் இல்லை.

உங்கள் மண் எது என்று தெரியாவிட்டால் ஒரு மழைக்கு மறுநாள் ஓரடிக் குழி ஒன்று தோண்டிப் பாருங்கள். மாலைக்குள் தண்ணீர் இறங்கவில்லை என்றால் குழி யோசனையை விட்டுவிடலாம்.

டிரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம்மில் பக்கவாட்டில் துளை போட்டு, அடியில் கம்பி வலை வைத்து, மூடியோடு பயன்படுத்துகிறார்கள். மழைக்குப் பயமில்லை, பெருச்சாளிக்குப் பயமில்லை, பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். என் முதல் கேள்வியில்தான் தோற்றுப்போகிறது. வளர்ந்த வேப்பமரம் ஒன்று உதிர்க்கத் தொடங்கினால் 200 லிட்டர் எந்த மூலைக்கு? இரண்டாவது நாளே வாய் வரை நிரம்பும். இலை அமுங்க அமுங்க மேலே இடம் வரும், ஆனால் அதற்குள் தரையில் இன்னொரு டிரம் அளவு கிடக்கும். கிளறுவதும் சுலபமில்லை, ஆழத்தில் இருப்பதை எடுக்க டிரம்மைச் சாய்க்க வேண்டும், ஈரச் சருகு நல்ல கனம். போர்டிகோவும் நாலு தொட்டியும் மட்டும் உள்ள வீட்டுக்கு டிரம் சரி. மரம் உள்ள வீட்டுக்கு அது சமையலறைக் கழிவுக்கான இரண்டாவது தொட்டியாக இருக்கலாம், அவ்வளவுதான். அடுக்கடுக்காக விற்கும் மண் தொட்டிகளுக்கும் இதே பதில்தான்.

மண்புழு உரத்தைப் பற்றி இந்த ஊரில் குறைத்துப் பேசிவிட முடியாது. சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணின் புழுக்களை வைத்தே உரம் செய்யலாம் என்று காட்டி எத்தனையோ பேரை இந்தப் பக்கம் இழுத்தவர். புழு உரத்தின் தரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காய்ந்த சருகைப் புழு நேரடியாகத் தின்னாது. சாணத்தோடு கலந்து இரண்டு மூன்று வாரம் மக்கவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் புழுவை விட வேண்டும். ஆக, சருகுக்கு வேறொரு முறை ஏற்கெனவே இருந்தாக வேண்டும். புழு இரண்டாம் கட்டம். அதோடு புழுவுக்கு 30 டிகிரிக்குள் இருந்தால் சுகம், 35 தாண்டினால் ஆபத்து. மே மாதத்தில் 40 டிகிரி அடிக்கும் ஊரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் புழுத்தொட்டி வைத்துவிட்டு வெளியூர் போய்விட முடியாது. எறும்பு வேறு. தினமும் எட்டிப் பார்க்க ஆள் உள்ள வீட்டுக்கு, ஓய்வு பெற்ற ஒருவர் ஆர்வமாக இருக்கும் வீட்டுக்கு, புழு நல்ல துணை. மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செங்கல் தொட்டி இன்னொன்று. மகாராஷ்டிரத்து என். டி. பாண்டரிபாண்டே உருவாக்கி, நாடெப் என்ற பெயரில் பரவியது. கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு, காற்று புகும்படி கட்டுவது. அசல் அளவு 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம். வயலுக்குப் பொருத்தமானது, அரை கிரவுண்டில் கார் நிறுத்தும் இடம் அளவுக்கு வந்துவிடும். அதன் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, காம்பவுண்டு மூலையில் சிமென்ட் இல்லாமல் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு தொட்டி செய்யலாம். வீடு கட்டி மிஞ்சிய கல் இருந்தால் செய்யுங்கள். காசு கொடுத்துக் கல் வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அதைவிட மலிவானது இருக்கிறது.

அதுதான் கம்பி வலைக் கூண்டு. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் முலாம் பூசிய இரும்பு வலை, நாலடி அகலமுள்ளதில் பத்தடி நீளம் வாங்கினால் போதும். அதை வட்டமாக வளைத்துக் கட்டுக்கம்பியால் மூன்று இடத்தில் முடிந்தால் மூன்றடி விட்டத்தில் ஒரு கூண்டு நிற்கும். ஓட்டை சின்னதாக, அரை அங்குலமாக இருக்கட்டும். கோழிக்கூண்டு வலையின் மெல்லிய கம்பியைப் பெருச்சாளி வளைத்துவிடும். அடியில் ஒரு துண்டு வலையை விரித்து, விளிம்பைக் கூண்டோடு சேர்த்துக் கட்டினால் தரைக்கு அடியிலிருந்து துளைத்துக்கொண்டு வருவதும் நிற்கும். மூன்றரை அடி உயரத்துக்கு நிரப்பினால் கிட்டத்தட்ட 700 லிட்டர் கொள்ளும். அதாவது மூன்றரை டிரம். சருகு பாதி அமுங்கியதும் மறுபடி நிரப்பலாம்.

மூன்றடி என்பது சும்மா சொன்ன அளவு இல்லை. குவியல் அதைவிடச் சின்னதாக இருந்தால் உள்ளே உண்டாகும் சூடு வெளியே ஓடிவிடும். சரியாக அடுக்கிய குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். களை விதையும் மாவுப்பூச்சியும் சாவது அந்தச் சூட்டில்தான். அடுக்குவதும் சுலபம்: அடியில் குச்சியும் கீற்றுத் துண்டும் ஒரு சாண் உயரம், காற்று போக. அதன் மேல் ஓரடிச் சருகு, நாலு விரல் உயரம் பச்சை, கொஞ்சம் சாணிக் கரைசல், ஒரு பிடி தோட்டத்து மண். மறுபடி சருகு. ஒவ்வொரு அடுக்கையும் நனைக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். காய்ந்த சருகு தண்ணீரை உள்ளே விடாது, மேலே ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். சாக்கில் போட்டு மிதித்து நொறுக்கி, தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் போட்டால் பாதிக் காலத்தில் மக்கும். பாதாம் இலைக்கும் மா இலைக்கும் இந்த நொறுக்கல் கட்டாயம். வேப்பிலைக்கு அவசியமில்லை.

மூன்றாவது நாள் ஒரு நீளமான இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் எல்லாம் சரி. கம்பி சில்லென்று இருந்தால் ஒன்று தண்ணீர் போதவில்லை, இல்லையென்றால் பச்சை போதவில்லை. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். சொட்டே வராவிட்டால் வறட்சி, ஒழுகினால் அதிகம். கிளறுவதற்குக் கூண்டின் அழகு கைகொடுக்கும்: கட்டை அவிழ்த்து வலையை உருவி எடுத்தால் குவியல் அப்படியே நிற்கும். வலையைப் பக்கத்தில் நிறுத்தி, மேலிருந்து அள்ளி அதில் போட்டுக்கொண்டே வந்தால் மேலது கீழும் ஓரத்தது நடுவிலும் போய்விடும். அரை மணி நேர வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் இப்படி மாற்றினால் இரண்டரை, மூன்று மாதத்தில் உரம். மாற்றவே இல்லை என்றால் எட்டு மாதம், ஒரு வருஷம் ஆகும். கிளற முடியாதவர்கள் கிளற வேண்டாம், குடி முழுகிப் போகாது.

ஒரே ஒரு விஷயத்துக்காகக் கிளறித்தான் ஆக வேண்டும். வீட்டில் தென்னை இருந்தால்! காண்டாமிருக வண்டு முட்டையிடுவது இப்படிப்பட்ட மக்கிய குப்பையில்தான். புழுவாக மூன்று முதல் ஆறு மாதம் அதிலேயே வளர்ந்து, வண்டாகிப் பறந்துபோய்த் தென்னங்குருத்தைக் குடையும். விரிந்த கீற்றைக் கத்திரியால் ஆங்கில வி எழுத்தாக வெட்டியது போலத் தெரிந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். கிளறும்போது கட்டைவிரல் பருமனில், பால் வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் கிடைத்தால் எடுத்து வெயிலில் போடுங்கள். காக்கையும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். பச்சை மஸ்கார்டின் பூஞ்சையை, அதாவது மெட்டாரைசியத்தை, குவியலில் கலந்துவிடுவதும் வேலை செய்யும். உரக்கடைகளில் கேட்டால் கிடைக்கும். தட்டையாக, சாம்பல் பழுப்பு நிறத்தில் அரை அங்குலப் புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம், அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. நமக்காக வேலை செய்கிற ஜாதி.

மழைக்குக் கூண்டு என்ன ஆகும்? தரைக்கு மேல் இருப்பதால் நீர் தேங்காது, ஆனால் மேலிருந்து விடாமல் நனைந்தால் சத்தெல்லாம் கரைந்து ஓடும். புரட்டாசிக் கடைசியில் தலையில் ஒரு தார்ப்பாயோ பழைய பிளக்ஸ் பேனரோ போட்டுக் கல் வைத்துவிட வேண்டும். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். பேனரில் பள்ளம் விழுந்து தண்ணீர் நின்றால் கொசு முட்டையிடும், அதனால் நடுவில் சருகைக் கூம்பாகக் குவித்துவிட்டு மூடுங்கள். மாசியில் நிரப்பிய கூண்டு ஆடிக்குள் காலியாகிவிடும், விதைப்பதற்கும் அதுவே பருவம். மழைக்காலத்தில் கூண்டில் பாதிக்கு மேல் ஏதும் இல்லாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

கூண்டிலும் அடங்காத சருகைச் சாக்கில் கட்டி வையுங்கள். அதைக் குப்பை என்று நினைக்காமல் சரக்கு என்று நினைக்க வேண்டும். சமையலறைத் தொட்டியில் ஒரு கிண்ணம் காய்கறித் தோல் போட்டால் மேலே இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு போட வேண்டும். ஈயும் நாற்றமும் வராமல் இருக்க அதுவே மருந்து. அதற்காகத் தேங்காய் நார்த்தூள் கட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் வீட்டு வாசலிலேயே வேப்பஞ்சருகு சும்மா கிடக்கிறது. மழை படாத இடத்தில், கேஸ் சிலிண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் தள்ளி வைக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் மொட்டை மாடியிலிருந்து இறக்கிவிடுங்கள், ராக்கெட்டுக்குக் கண் கிடையாது.

தென்னங்கழிவு தனிக் கதை. நன்றாக வளர்ந்த தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை கழிக்கும். அந்த மட்டையையும் பாளையையும் எந்த முறையிலும் ஒரு வருஷத்துக்குள் மக்க வைக்க முடியாது, முயற்சி செய்ய வேண்டியதும் இல்லை. கீற்றை அரிவாளால் துண்டு போட்டால் கூண்டுக்கு அடி அடுக்கு. ஈர்க்குக் கிழிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் துடைப்பம். அடிமட்டையைப் பாத்திக்கு வரப்பாகப் படுக்க வைக்கலாம். தேங்காய் மட்டைகளைத் தென்னையிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிப் பள்ளம் எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் போட்டால் சில வருஷத்துக்கு ஈரம் பிடித்துத் தரும். பாளையைக் கவிழ்த்து வையுங்கள். மல்லாந்து கிடந்தால் ஒரு மழையிலேயே ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்.

போகன்வில்லா, எலுமிச்சைக் கிளைகளைக் கூண்டில் போடாதீர்கள். இலை மக்கினாலும் முள் மக்காது, உரம் அள்ளும் கைக்குத்தான் தெரியும். அரளியைப் போடலாம், மக்கும்போது அதன் விஷம் சிதைந்துவிடும். ஆனால் வெட்டிப்போட்ட கிளை மாடு மேயும் தெருவில் கிடக்கக் கூடாது.

ஃபிளாட்காரர்களுக்கு: தனித்தனியாகத் தொட்டி வைப்பதைவிட, வளாகத்தின் பின்பக்கம் இரண்டு கூண்டுகள் வைத்து, ஒன்று நிரம்பியதும் மற்றதுக்கு மாறுவது நடக்கக்கூடிய காரியம். யார் கிளறுவது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். தோட்டக்காரர் செய்வார் என்று தீர்மானம் போட்டால் அவருக்குக் கூடுதல் சம்பளமும் போட வேண்டும். மரம் அதிகமுள்ள பெரிய வளாகம் என்றால் சருகை அரைக்கும் மின் இயந்திரம் ஒன்று நாலைந்து வருஷத்தில் தன் விலையைச் சம்பாதித்துக்கொள்ளலாம். தனி வீட்டுக்கு அது வீண் செலவு, சத்தமும் அதிகம்.

எதுவும் செய்ய நேரமில்லை, மாநகராட்சியிடமே கொடுத்துவிடுகிறேன் என்றால் அதுவும் ஒரு வழிதான். வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டி, காலையில் வரும் பேட்டரி வண்டிக்காரரிடம் எந்த நாளில் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். கலந்து போட்டால் அது கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளுக்குப் போய் மலையோடு மலையாகச் சேரும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்த பிறகு தெருத்தெருவாகக் கிடந்தது போல மொத்தக் கிளையும் அடிமரமும் விழுந்தால் எந்தக் கூண்டும் தாங்காது. அப்போது 1913-க்குப் போன் போட்டுப் பதிவு செய்துவிட்டு, அவர்கள் வருவதற்குள் பச்சை இலையை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கில் காத்திருக்கும் சருகுக்கு அவ்வளவு பச்சை வேறெப்போதும் ஒரே நாளில் கிடைக்காது.